ஈயக் குழாய்களும் வீட்டுக் குடிநீரும்: அமெரிக்கா, கனடாவில் பழைய வீடுகளில் வாழ்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிகாகோ, நியூவர்க், டொராண்டோ போன்ற நகரங்களில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்தோ விலைக்கு வாங்கியோ குடியேறும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து, குறிப்பாகக் கைக்குழந்தை இருக்கும் வீடுகளிலிருந்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான விடைகள் இவை. ஊரின் தண்ணீர் நல்லதாக இருந்தாலும் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் அப்படி இல்லாமல் போகலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறோம்.

குடிநீரில் ஈயம் எங்கிருந்து வருகிறது?

ஏரியிலிருந்தோ ஆற்றிலிருந்தோ அல்ல. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுப் புறப்படும்போது தண்ணீரில் ஈயம் பெரும்பாலும் இருப்பதே இல்லை. தெருவில் புதைந்திருக்கும் பெரிய குழாயும் பொதுவாக வார்ப்பிரும்பால் ஆனதுதான். அந்தப் பெரிய குழாயிலிருந்து கிளை பிரிந்து, நடைபாதைக்கும் முன்தோட்டத்துக்கும் அடியில் வந்து, வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு மீட்டரில் சேரும் ஒல்லியான இணைப்புக் குழாய்தான் பழைய வீடுகளில் ஈயத்தால் செய்யப்பட்டிருக்கிறது. ஈயம் மென்மையானது, எளிதில் வளையும், துருப்பிடிக்காது, மண் அசைந்தாலும் உடையாது. இந்தக் காரணங்களுக்காகவே அக்காலத்து வேலையாட்கள் அதை விரும்பினார்கள். ‘பிளம்பர்’ என்று நாம் சொல்லும் சொல்லே ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிகாகோவில் சிறிய வீடுகளுக்கு ஈயக் குழாயைத்தான் போடவேண்டும் என்று நகரச் சட்டமே வற்புறுத்தியது. 1986-இல் நாடு முழுவதும் தடை வரும்வரை அந்த நிலை நீடித்ததால், ஏறக்குறைய 4,00,000 ஈய இணைப்புகளோடு அந்த நகரம் அமெரிக்காவிலேயே முதலிடத்தில் நிற்கிறது.

இணைப்புக் குழாய் செம்பாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தாலும் வேறு இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். 1986-க்கு முன் செம்புக் குழாய்களை ஒட்டப் பயன்படுத்திய பற்றாசில் பாதியளவு ஈயம் இருந்தது. பித்தளைக் குழாய்த் திருகிகளிலும் வால்வுகளிலும் 2014 வரை 8 விழுக்காடு ஈயம் இருக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் படும் பரப்பில் 0.25 விழுக்காடு என்று வரம்பு குறைந்தது.

ஈயம் என்றால், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் இதே உலோகமா?

இல்லை. தமிழில் இரண்டு உலோகங்களுக்கு ஒரே பெயர் வழங்குவதால் எழும் குழப்பம் இது. ரசச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்கு உட்புறம் பூசும் ஈயமும் வெள்ளீயம். குழாயில் இருப்பதும் உடலுக்கு நஞ்சாவதும் காரீயம். இந்தப் பக்கத்தில் ஈயம் என்று சொல்லும் இடமெல்லாம் காரீயத்தையே குறிக்கிறது. ஆனால் வெள்ளீயம் விலை உயர்ந்தது, காரீயம் மலிவானது என்பதால் சொம்பில் கலப்படம் நடக்க வாய்ப்பு உண்டு. புளி சேர்ந்த சூடான ரசம் அந்தக் கலப்படத்தைக் கரைத்தெடுக்க ஏற்றது. எங்கே வாங்கியது என்று உறுதியாகத் தெரியாத சொம்பைக் குழந்தை உள்ள வீட்டில் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

நகரத்தின் ஆண்டு அறிக்கை, ஈயம் வரம்புக்குள் இருப்பதாகச் சொல்கிறது. பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?

அந்த அறிக்கை பொய் சொல்வதில்லை. ஆனால் அது உங்கள் வீட்டைப் பற்றியும் பேசுவதில்லை. அமெரிக்காவில் 1991-இல் வந்த விதியின்படி, ஈயம் இருக்கக்கூடிய வீடுகள் சிலவற்றில் மாதிரி எடுத்து, அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, நூற்றுக்குத் தொண்ணூறாவது இடத்தில் வரும் எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண் ஒரு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் நகரம் நடவடிக்கை எடுக்கவேண்டும். நூறு வீடுகளில் ஒன்பது வீடுகள் அந்த அளவைப் பலமடங்கு தாண்டியிருந்தாலும் ஊர் தேர்ச்சி பெற்றுவிடும் என்பது இதன் பொருள். மேலும் 15 என்பது உடல்நலத்தை வைத்து வகுத்த எல்லை அல்ல, குழாய் அரிப்பைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்த அடையாளம். உடல்நல இலக்கு என்று அதே அமெரிக்க அரசு குறித்திருக்கும் எண் பூஜ்யம்.

2024 அக்டோபரில் வெளியான புதிய விதி இந்த அளவை 10 ஆகக் குறைத்தது. 2027 நவம்பர் முதல் நடைமுறைக்கு வரும் வகையில், மிகப் பெரும்பாலான ஊர்கள் பத்து ஆண்டுகளுக்குள் தம் ஈயக் குழாய்களை மாற்றவேண்டும் என்றும் கட்டளையிட்டது. கனடா 2019-இலேயே 5 மைக்ரோகிராம் என்று வழிகாட்டு அளவை வகுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவும் 10.

எங்கள் குழாய் எழுபது ஆண்டுகளாக மண்ணில் கிடக்கிறது. உட்புறம் படிவு பிடித்து, இனி ஈயம் கரையாத நிலைக்கு வந்திருக்காதா?

படிவு பிடிப்பது உண்மைதான். அந்தப் படிவு காப்பதும் உண்மைதான். ஆனால் தண்ணீரின் வேதியியல் மாறாதிருக்கும் வரை மட்டுமே அந்தக் காப்பு நிலைக்கும். இதை இரண்டு ஊர்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்றன.

வாஷிங்டன் நகரம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் கிருமிநாசினியாகப் பயன்படுத்திவந்த குளோரினை விட்டுக் குளோரமினுக்கு மாறியது. வேறொரு நஞ்சைக் குறைப்பதற்காக, நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவு அது. பல ஆண்டுகளாகக் குளோரின் ஓடியதால் குழாய்களுக்குள் உருவாகியிருந்த ஈய டையாக்சைடுப் படிவு புதிய தண்ணீரில் நிலைத்திருக்க முடியாமல் கரையத் தொடங்கியது. பொதுமக்களுக்கு முழு விவரம் 2004-இல்தான் தெரிந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் நடந்தது இன்னும் கொடுமையானது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்த அந்த ஊர், செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரல் 25 அன்று, டெட்ராய்ட் வழியே வந்துகொண்டிருந்த ஹூரான் ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. ஆற்று நீரில் குளோரைடு மிகுதி. அது உலோகத்தை அரிக்கும். டெட்ராய்ட் தண்ணீரில் குழாய்களைக் காக்கச் சேர்க்கப்பட்டிருந்த ஆர்த்தோபாஸ்பேட்டைப் புதிய தண்ணீரில் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில், இயந்திரப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று விலக்கியது. மக்கள் மேலும் ஓராண்டு அதையே குடித்தார்கள்.

லியான் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டில் 2015 தொடக்கத்தில் எடுத்த மாதிரியில் 104 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது, அடுத்ததில் 397. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழுவினர் தொடர்ச்சியாக மாதிரி எடுத்தபோது அவற்றில் ஒன்று 13,000-ஐத் தாண்டியது. அபாயக் கழிவு என்று வகைப்படுத்தும் அளவே 5,000தான். அந்த வீட்டுக்குள் இருந்த குழாய்கள் எல்லாம் பிளாஸ்டிக் என்பது இங்கே முக்கியமானது. நஞ்சு முழுவதும் வாசலுக்கு வெளியே மண்ணுக்குள் இருந்த இணைப்பிலிருந்தே வந்தது. குழந்தைநல மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா 2015 செப்டம்பரில், ஊர்க் குழந்தைகளில் இரத்தத்தில் ஈயம் கூடியோரின் விழுக்காடு ஏறக்குறைய இரு மடங்காகியிருப்பதைப் பொதுவெளியில் வைத்த பிறகுதான் அரசு அசைந்தது. அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது.

என் வீட்டு இணைப்பு எதனால் ஆனது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலான வீடுகளில் பத்து நிமிடத்தில் முடியும். நிலவறையிலோ (பேஸ்மென்ட்) படிக்கட்டுக்கு அடியிலோ தண்ணீர் மீட்டர் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். சுவரையோ தரையையோ துளைத்துக்கொண்டு மீட்டருக்கு வரும் குழாயைப் பாருங்கள். மீட்டருக்கு அப்பால் வீட்டுக்குள் போகும் குழாய் வேறு உலோகமாக இருக்கலாம். பெயின்டும் தூசியும் படிந்து பார்வைக்கு எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஒரு நாணயத்தின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஈயமாக இருந்தால் நாணயம் வெண்ணெயில் போலப் பதிந்து, வெள்ளி போலப் பளபளக்கும் கோடு விழும், காந்தம் ஒட்டாது. செம்பாக இருந்தால் கோடு செம்பழுப்பாகத் தெரியும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அதாவது நம் ஊரில் ஜி.ஐ. குழாய் என்பது, சுரண்டினால் மங்கிய சாம்பல் நிறத்திலேயே இருக்கும். காந்தம் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். இன்னோர் அடையாளம், ஈயக் குழாய் அடைப்பானோடு சேரும் இடத்தில் வெங்காயம் போல உருண்டு திரண்ட ஒரு வீக்கம் இருக்கும். சுரண்டிய கையையும் நாணயத்தையும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

ஜி.ஐ. குழாய் என்றால் நிம்மதி என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு முன்னால், தெருப் பக்கம், ஈயக் குழாய் இருந்தாலோ முன்பு இருந்திருந்தாலோ அங்கிருந்து வந்த ஈயம் இரும்பின் உட்புறத் துருவில் ஒட்டிக்கொண்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகும் செதில் செதிலாக உதிரக்கூடும்.

வீட்டின் வயதும் துணை செய்யும். டொராண்டோவில் 1950-களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடு என்றால் சந்தேகத்தோடுதான் தொடங்க வேண்டும்.

தண்ணீர் வாரியத்திலிருந்து வந்த கடிதத்தில் எங்கள் குழாய் ‘அறியப்படாதது’ என்று போட்டிருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

அமெரிக்க நீர் நிறுவனங்கள் எல்லாம் 2024 அக்டோபர் 16-க்குள் தம் இணைப்புகளைக் கணக்கெடுத்துப் பட்டியல் தரவேண்டியிருந்தது. ஈயம், ஈயத்தால் பாதிக்கப்பட்ட ஜி.ஐ., அறியப்படாதது என்ற வகைகளில் வரும் வீடுகளுக்குக் கடிதமும் அனுப்பவேண்டியிருந்தது. ‘அறியப்படாதது’ என்பது பழைய ஏடுகளில் குறிப்பு இல்லை என்பதைத்தான் சொல்கிறது; பாதுகாப்பானது என்று சொல்லவில்லை. மேலே சொன்னபடி நீங்களே பார்த்துப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டு பட்டியலைத் திருத்துகின்றன. விளம்பரத் தாள்களோடு சேர்த்துத் தூக்கிப்போட்டுவிடும் கடிதம் இது. தயவுசெய்து எடுத்துப் படியுங்கள்.

நாங்கள் எப்போதும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் குடிக்கிறோம். அது போதாதா?

போதாது. போதாதது மட்டுமன்றி, ஈயத்தைப் பொறுத்தவரை அது நிலைமையைச் சற்றுக் கெடுக்கவும் செய்யும். கொதிக்கவைப்பது கிருமிகளைக் கொல்லும் வழி. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட நல்ல பழக்கம் அது, பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாவும் மாமியாரும் முதலில் கேட்பதும் “தண்ணீரைக் காய்ச்சி வைத்திருக்கிறாயா?” என்பதுதான். ஆனால் ஈயம் உயிருள்ள கிருமி அல்ல. தண்ணீர் ஆவியாகப் போகும், ஈயம் பாத்திரத்தில் தங்கும். இரண்டு லிட்டர் தண்ணீரைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி ஒன்றரை லிட்டர் ஆக்கினால், அதே ஈயம் குறைந்த தண்ணீரில் இருக்கும். அம்மாவின் அக்கறையை மறுக்க வேண்டியதில்லை. முதலில் வடிகட்டிவிட்டுப் பிறகு காய்ச்சலாம்.

வெந்நீர்க் குழாயிலிருந்து நேராகப் பிடித்தால் அடுப்புச் செலவு மிச்சம்தானே?

குடிக்கவும் சமைக்கவும் வெந்நீர்க் குழாயை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். சூடான தண்ணீர் ஈயத்தை விரைவாகக் கரைக்கும்; கொதிகலன் தொட்டியின் அடியில் வண்டலும் சேர்ந்திருக்கும். குளிர்ந்த நீரைப் பிடித்து அடுப்பில் சூடாக்குங்கள்.

காலையில் குழாயைச் சற்று நேரம் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே, எவ்வளவு நேரம்?

முக்கால் அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் தண்ணீரைப் பிடிக்கும். சமையலறைக்கும் தெருவுக்கும் இடையே இருபது மீட்டர் குழாய் இருந்தால் ஆறு லிட்டர் தண்ணீர் இரவு முழுவதும் அதற்குள் அசையாமல் நின்றிருக்கிறது. விடிந்ததும் டிகாக்‌ஷன் போட நாம் பிடிக்கும் முதல் பாத்திரத் தண்ணீர், அந்த நாளிலேயே மிக அதிக நேரம் உலோகத்தோடு ஒட்டிக் கிடந்த தண்ணீர். ஆகவே முதலில் குளியலோ துணி துவைப்போ முடியட்டும். கழிப்பறைத் தொட்டி நிரம்புவதும் இந்த வேலையைச் செய்யும். அதற்குப் பிறகு சமையலறைக் குழாயைத் தனியே சில நிமிடம் திறந்துவிட்டுப் பிடிக்கலாம். ஈய இணைப்பு இருப்பது உறுதியென்றால் மொத்தத்தில் ஐந்து நிமிடமாவது ஓடவேண்டும்.

இது ஈயத்தைக் குறைக்கும் என்பது உண்மை. இதை மட்டுமே நம்பியிருக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கரைந்த ஈயத்தைத் தவிரப் படிவிலிருந்து உதிரும் துகளும் உண்டு, அது எந்த நிமிடத்தில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. தெருவில் பள்ளம் தோண்டும் வேலை நடந்தால் அந்த அதிர்விலேயே உதிரும்.

குளிக்க, பாத்திரம் கழுவ, சமைக்க? எதற்கெல்லாம் வடிகட்டிய நீர் வேண்டும்?

குளியலுக்கும் கழுவுவதற்கும் வேண்டியதில்லை. தண்ணீரில் உள்ள ஈயம் தோல் வழியாகக் கணிசமாக உடம்பில் ஏறாது. வயிற்றுக்குள் போகும் எல்லாவற்றுக்கும் வேண்டும். இதில் நம் சமையலை எண்ணிப் பார்க்க வேண்டும். சாதம், தான் வேகும் தண்ணீரை முழுவதுமாகக் குடித்துவிடுகிறது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் இரவெல்லாம் ஊறுகின்றன. ஆட்டும்போது ஊறவைத்த நீரையே ஊற்றுவோம். கஞ்சி, ரசம், காபி எல்லாம் பெரும்பகுதி தண்ணீரே. குடிநீரை மட்டும் புட்டியில் வாங்கிவிட்டு, உலைக்குக் குழாய்த் தண்ணீரை வைக்கும் வீடுகளில் ஈயம் வரும் வழி பாதிதான் அடைபட்டிருக்கிறது.

ஈயம் குழந்தைக்கு என்ன செய்யும்? கர்ப்பிணிகளுக்கு?

உடல் ஈயத்தைக் கால்சியம் என்று எண்ணி ஏமாறுகிறது. இதுதான் கேட்டின் வேர். கால்சியம் செல்லும் வழியெல்லாம் ஈயமும் சென்று, நரம்புகள் இணைந்து வளரும் பருவத்தில் மூளைக்குள் புகுந்துவிடுகிறது. உட்கொள்ளும் அதே அளவில் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சும். கற்கும் திறன் குறைவது, கவனம் சிதறுவது, வளர்ச்சி பின்தங்குவது ஆகியவை மெல்ல வரும். காய்ச்சல் போலவோ வயிற்றுப்போக்கு போலவோ வெளியே தெரியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. பால்மாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளே மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்பில், அவர்கள் உடலில் சேரும் ஈயத்தில் 40 முதல் 60 விழுக்காடு வரை தண்ணீரிலிருந்தே வரக்கூடும்.

பெரியவர்களின் உடலில் ஈயம் எலும்பில் போய்த் தங்கிப் பல பத்தாண்டுகள் கிடக்கும். கர்ப்ப காலத்தில் குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கால்சியத்தை விடும்போது, பழைய ஈயமும் கூடவே இரத்தத்துக்கு வரும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல்தான் நின்றது. 1990-களில் சென்னையிலோ மதுரையிலோ பேருந்துச் சாலை ஓரம் வளர்ந்த பெண்களின் எலும்பில் அந்தப் புகையின் மிச்சம் இருக்கலாம். அதன் மேல் குழாய்த் தண்ணீரும் சேரவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம். இரும்புச்சத்துக் குறைந்தவர்கள் ஈயத்தை அதிகம் உறிஞ்சுவார்கள் என்பதால், மருத்துவர் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை விடாமல் எடுத்துக்கொள்வது இதற்கும் துணை.

தண்ணீரைப் பரிசோதிப்பது எப்படி?

கடையில் விற்கும் நிறம் மாறும் தாளை நம்ப வேண்டாம். பல நகரங்கள் இலவசமாகவே புட்டி தருகின்றன; இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பெரும்பாலும் 100 டாலருக்குள் முடியும்.

முறை முக்கியம். இரவு படுக்கும் முன் கடைசியாகத் தண்ணீர் பிடித்ததிலிருந்து குறைந்தது ஆறு மணி நேரம் வீட்டில் எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது, கழிப்பறையையும் சேர்த்துத்தான். காலையில் சமையலறையின் குளிர்நீர்க் குழாயை, நாம் வழக்கமாகத் திறக்கும் வேகத்தில் திறந்து, முதல் லிட்டரைப் பிடிக்கவேண்டும். குழாய் முனையில் திருகியிருக்கும் சல்லடையைக் கழற்றவும் கூடாது, முதல் நாள் கழுவவும் கூடாது. அன்றாடம் குடிப்பது எதுவோ அதுதான் புட்டிக்குள் போகவேண்டும். குழாயை மூடாமல் தொடர்ந்து ஐந்தாவது லிட்டரையும் தனிப் புட்டியில் பிடியுங்கள். முதல் லிட்டர் குழாய்த் திருகியையும் அதன் அருகிலுள்ள பற்றாசையும் பற்றிச் சொல்லும். ஐந்தாவது லிட்டர் மண்ணுக்குள் இருக்கும் இணைப்பைப் பற்றிச் சொல்லும். முதல் லிட்டரை மட்டும் சோதித்து நல்ல விடை பெற்ற வீட்டில், ஈயம் ஐந்தாவது லிட்டரில் இருந்திருக்கலாம்.

ஒருமுறை குறைவாக வந்தது என்பதை நிரந்தரச் சான்றாகக் கொள்ள வேண்டாம். கோடையில் வெப்பத்தால் அளவு கூடும்.

எந்த வடிகட்டி வாங்குவது?

குளோரின் வாசனையைப் போக்கும் சாதாரணக் குடுவை வடிகட்டிகள் எல்லாம் ஈயத்தை நீக்கா. பெட்டியின் மேல் ‘என்.எஸ்.எஃப் 53’ என்ற தரச்சான்று, ஈயத்தைக் குறைப்பதற்காக என்று வெளிப்படையாகச் சொல்லி, இருக்கவேண்டும், நுண்துகளுக்கு ‘என்.எஸ்.எஃப் 42’ இருப்பதும் நல்லது. ஆர்.ஓ. கருவி என்றால் ‘என்.எஸ்.எஃப் 58’. வடிகட்டியின் வழியே வெந்நீரை விடக்கூடாது. உள்ளிருக்கும் குப்பியைக் குறித்த காலத்தில் மாற்றவேண்டும். மாற்றும் நாளைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். நியூவர்க் நகரம் 2018-இல் ஆயிரக்கணக்கான வடிகட்டிகளை இலவசமாக வழங்கியது. சரியாகப் பொருத்தி, நேரத்துக்குக் குப்பி மாற்றிய வீடுகளில் அவை மிக நன்றாக வேலை செய்தன.

தண்ணீர் சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது. ஏன்?

தண்ணீர் ஒரு வழி மட்டுமே. 1978-க்கு முன் கட்டிய அமெரிக்க வீடுகளில் ஜன்னல் சட்டத்துப் பழைய பெயின்ட் தூசிதான் முதல் சந்தேகம். அடுத்து நம் பெட்டிகளில் வந்த பொருட்கள்: கலப்பட மஞ்சள்தூள், கண்மை, பித்தளை மற்றும் இண்டாலியப் பாத்திரங்கள். இறக்குமதியான அத்தகைய சில பாத்திரங்களிலிருந்து ஈயம் கசிவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்தது. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற அளவை எட்டினாலே காரணத்தைத் தேடவேண்டும். இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், சந்தேகம் வந்ததும் காலம் தாழ்த்தாமல் சோதிப்பதே பயன் தரும்.

தமிழ்நாட்டில் இந்த ஆபத்து உண்டா?

வீட்டு இணைப்பை ஈயக் குழாயால் போடும் வழக்கம் நம் ஊர்களில் இந்த அளவுக்குப் பரவவில்லை, ஜி.ஐ. குழாயும் பிறகு பி.வி.சி.யும்தான் எங்கும். பி.வி.சி. குழாய் வெயிலிலும் சூட்டிலும் சிதையாமலிருக்க ஈயச் சேர்மங்களைக் கலந்து வார்ப்பது நெடுங்கால வழக்கம். அதைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்தது. மொட்டை மாடியில் வெயிலில் காயும் பழைய குழாய் உள்ளவர்கள், மாற்றும்போது ஈயம் கலவாதது என்று கேட்டு வாங்கலாம்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களால் என்ன செய்ய முடியும்?

குழாயை மாற்றும் உரிமை உங்களிடம் இல்லாவிட்டாலும், தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. நகரத்தின் இணைப்புப் பட்டியலில் உங்கள் முகவரியைத் தேடலாம், தண்ணீரைச் சோதிக்கலாம், முடிவை வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். வடிகட்டியை நீங்களே வாங்கிப் பொருத்தலாம். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். டொராண்டோவில் தகுதியுள்ள குடும்பங்களில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் மாநகராட்சியே வடிகட்டி தரும் திட்டம் உண்டு.

நகரம் தன் பங்குக் குழாயை மட்டும் மாற்றுவதாகச் சொல்கிறது. சம்மதிக்கலாமா?

இயன்றவரை பாதி மாற்றத்துக்குச் சம்மதிக்க வேண்டாம். பல ஊர்களில் தெருவிலிருந்து எல்லைக்கோடு வரை நகரத்துக்கும், அதற்கு உள்ளே வீட்டு உரிமையாளருக்கும் என்று குழாய் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நகரப் பகுதியைச் செம்பாக மாற்றிவிட்டு உங்கள் பகுதியை ஈயமாகவே விட்டால், வெட்டும்போது படிவு குலைந்து துகள் கொட்டும். செம்பும் ஈயமும் தொடும் இடத்தில் மின்வேதி அரிப்பும் தொடங்கும். மாற்றிய சில மாதங்களுக்கு ஈயம் முன்பைவிட அதிகமாகும். வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படிப் பாதி வேலை செய்து பணத்தை இறைத்தார்கள்.

எப்படிச் செய்யவேண்டும் என்பதை நியூவர்க் காட்டியது. பெரும்பாலானோர் வாடகைக்கு இருக்கும் அந்த ஊரில், ஒவ்வோர் உரிமையாளரையும் தேடிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தால் வேலை நகராது என்று கண்டு, உரிமையாளர் அனுமதிக்காகக் காத்திராமல் குழாயை மாற்ற 2019-இல் நகரச் சட்டம் இயற்றினார்கள். குடியிருப்போரிடம் ஒரு காசும் கேட்கவில்லை. 23,000-க்கும் மேற்பட்ட இணைப்புகள் மூன்று ஆண்டுகளுக்குள் முழுவதுமாகச் செம்பாக மாறின. 2021-இல் அமெரிக்கக் கூட்டரசு ஈயக் குழாய் மாற்றத்துக்கென 1,500 கோடி டாலர் ஒதுக்கியிருப்பதால், உங்கள் ஊரில் உதவித்தொகை இருக்கிறதா என்று கேட்காமல் கைக்காசு போட வேண்டாம்.

குழாய் மாற்றியாயிற்று. அன்றே பழையபடி குடிக்கலாமா?

வேண்டாம். வேலை முடிந்த அன்று, நிலவறையில் தொடங்கி மேல்மாடி வரை எல்லாக் குழாய் முனைகளின் சல்லடைகளையும் கழற்றிவிட்டு, குளிர்நீரை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். கழற்றிய சல்லடையை வெள்ளைத் தட்டில் தட்டிப் பார்த்தால் மணல் போன்ற சாம்பல் துகள் தெரியக்கூடும். அதில் ஈயம் இருக்கலாம். கழுவிவிட்டுத் திரும்ப மாட்டி, அடுத்த சில மாதங்களுக்கு மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். வீட்டுக்குள்ளிருக்கும் பழைய குழாய்களில் தங்கிய ஈயம் கழிந்து வெளியேறச் சிறிது காலம் ஆகும் என்பதால், ஆறு மாதம் வரை குடிக்கவும் சமைக்கவும் வடிகட்டிய நீரையே பயன்படுத்தி, மூன்றாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையில் இன்னொருமுறை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.